நடுக்கட்டத்துக்குக் கிடைத்த துணி

ரங்கூனில் இருக்கும் உங்களுக்கு,

நீங்கள் கொடுத்தனுப்பிய துண்டுத்துணிகள் வந்தன. ஒவ்வொன்றும் வேறு மாதிரியாக இருபத்துநான்கு கட்டங்கள் தைத்து, விரிப்பாக இணைக்க, நடுவில் ஓர் இடம் விட்டுக் கூடத்தில் பரப்பினேன். எப்படி மாற்றி வைத்தாலும் நிறங்கள் சண்டையிட்டன. நடுக்கட்டத்துக்குத் துணி தேடியபோது நீங்கள் அனுப்பிய மூட்டையின் அடியில் ரோஜா நிறப் பட்டு கிடைத்தது.

வேலைக்கு நிற்கும் ஒச்சம்மாள், "ஆச்சி, இது சின்னப் பிள்ளைச் சட்டையில்ல? தெரியாம வச்சுட்டாக போல" என்றாள்.

சட்டையை அப்படியே நடுவில் வைத்தேன். அத்தனை நிறங்களும் அடங்கி அதைச் சுற்றி உட்கார்ந்துவிட்டன! வெகுநேரம் எழுந்திருக்கவே தோன்றவில்லை. யார் தைத்ததோ, தையல் கண்ணுக்கே தெரியவில்லை. கத்தரிக்க எனக்குக் கை வரவில்லை.

நான் வாழ்க்கைப்பட்டு வந்த இந்தப் பதினோரு வருஷத்தில் இந்த வீட்டில் அந்த அளவில் எதுவும் தைத்ததில்லை. பிள்ளைக்கு என்ன வயது என்று எழுதுங்கள். விரிப்பின் நீளத்தை முடிவு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
காரைக்குடியில் இருக்கும் உங்கள் மனைவி