மூவாயிரத்தில் ஒரு பள்ளம்

மார்ச் 3, செவ்வாய்

ஆய்விதழ் வந்துவிட்டது. என் கணித மாதிரி, என் படங்கள், என் சமன்பாடுகள். பெயர் மட்டும் துறைத் தலைவருடையது. (நான் அவருக்கு வைத்த பெயர் மைக். கையில் கிடைத்தால் விடமாட்டார்.) நன்றி சொல்லும் பகுதியில்கூட நான் இல்லை. பிரிண்டர் வாங்கித் தந்தவர் இருக்கிறார்.

நான்கு வருடம்! உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட குழாய், அதற்குள் ஒரு சவ்வு. ஒலி வந்தால் அது அலை அலையாக ஆடும். கீச்சென்ற ஒலிக்கு வாசலருகே, கனத்த ஒலிக்கு உள்ளே தள்ளி. அந்த ஆட்டம் முழுவதையும் கணக்காக்கி, கம்ப்யூட்டரில் ஆட வைத்தது நான்.

அவர் அறைக்கே போய்க் கேட்டேன். "என்னம்மா, எல்லாமே நம்ம துறையோடதுதானே. இதுல உன்னுது என்னுதுன்னு என்ன இருக்கு?" என்றார். அப்புறம் ஏன் சார் உங்க பேரு மட்டும்? வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 4, புதன்

ராஜினாமாவா? நான் ஏன் போகணும்?

மார்ச் 9, திங்கள்

கட்டுரையை வரி வரியாகப் படித்தேன். பன்னிரண்டு ஆரோக்கியமானவர்களின் காதுகளை அளந்து எடுத்த சராசரியாம். எந்தப் பன்னிரண்டு பேர்? அளக்க ஆள் கிடைக்காமல், என் காதுக்குள் ஒலியை அனுப்பி, உள்ளிருந்து திரும்பி வரும் முணுமுணுப்பை அளந்து, அந்த எண்களைத்தான் தற்காலிகமாகப் போட்டு வைத்திருந்தேன். பிறகு மாற்றலாம் என்று இருந்தேன். சோம்பல். மாற்றவே இல்லை.

எனக்கோ பிறவியிலேயே, இரண்டு காதிலும், மூவாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம். வாஷிங் மெஷின் வேலை முடிந்ததும் போடும் கீச்சு எனக்குக் கேட்காது. என் வீட்டுக்காரர், இவர்தான் வந்து சொல்வார். அதே பள்ளம், ஏழாம் பக்கத்து வரைபடத்தில்! மைக் அதற்கு விளக்கம் வேறு எழுதியிருக்கிறார்: எல்லா மனிதக் காதுக்கும் பொதுவான, இதுவரை யாரும் கவனிக்காத பண்பு. அதற்குத் தன் பெயரையே சூட்டியிருக்கிறார்.

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. நீ திருடினது என் செவிட்டைடா.

மார்ச் 12, வியாழன்

காது டெஸ்ட் எடுக்கும் அக்காவிடம் போனேன். "பல வருஷமா இப்படியேதானே இருக்கு, இப்ப எதுக்கு ரிப்போர்ட்?"

"ஃபிரேம் போட்டு மாட்ட" என்றேன்.

இவரிடம் மட்டும் சொன்னேன். "தனியா கூப்பிட்டுச் சொல்லிடேன், அவரே திருத்திக்குவாரு" என்கிறார். நல்ல மனுஷன். எனக்கு மைக் திருந்த வேண்டாம், விழணும். நாலு பேர் பார்க்க விழணும்.

மார்ச் 28, சனி

கருத்தரங்கு. மைக் கட்டுரையை வாசிக்க, நான் முன்வரிசையில் உட்கார்ந்தேன். கேள்வி நேரம் வந்ததும் எழுந்தேன்.

போனைத் தூக்கிப் பிடித்து, மூவாயிரம் ஹெர்ட்ஸ் ஒலியைப் போட்டேன். "கேட்கிறவங்க கை தூக்குங்க."

அரங்கம் முழுவதும் கை. மைக்கும் பாதி தூக்கிவிட்டு, சட்டென்று இறக்கினார்.

"சார் கட்டுரைப்படி உங்க யாருக்கும் இது சரியா கேட்கக் கூடாது. எனக்கு மட்டும்தான் கேட்கலை." ரிப்போர்ட்டை அவர் வரைபடத்தின் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கோட்டுக்குக் கோடு ஒன்று.

பின்வரிசையில் யாரோ கேட்டார்கள்: "அப்போ அந்தப் பன்னிரண்டு பேரு?"

முதல் முறையாக அவர் தானாகவே மைக்கைக் கீழே வைத்தார். ஹா!

திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஒரு அம்மா இடம் மாறி உட்கார்ந்தாள். வெற்றி அப்படியா முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும்?

மார்ச் 29, ஞாயிறு

காலையில் இவர் வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார். "மெஷின் ஓடலையே, எது இப்படிக் கத்துது? நேத்து நீ வந்ததுல இருந்து..."

என் கைப்பையைத் திறந்தார். போன். அந்த ஒலியை நான் நிறுத்தவே இல்லை.

மே 6, புதன்

கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். மைக் நீண்ட விடுப்பு. என் மாதிரியும் அதோடு போயிற்று. பொய்யென்று முத்திரை விழுந்ததை இனி யார் பெயரில் போடுவது? வருத்தமா? இருக்கிறது. ஆனால் அவர் முகத்தை நினைத்தால் இன்றும் இனிக்கிறது.

சாயங்காலம் இவரை நாற்காலியில் உட்கார வைத்து, காதில் குழாயைச் சொருகினேன். "அசையலாமா?" என்றார்.

"கூடாது. பேசவும் கூடாது."

அளந்து எழுதினேன். இன்னும் பதினொரு பேர் வேண்டும்.