ஞாயிறு மூன்று மணிக் கூட்டம்

அன்புள்ள மாமா,

இந்த மடலில் நடந்ததையெல்லாம் உண்மையாகவே எழுதப் போகிறேன். உங்கள் பெயரை மட்டும் எழுத மாட்டேன். கூட்டத்தில் பார்த்தவர்களின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பது அங்குள்ள விதி. இறந்தவர்களுக்கு அது பொருந்தாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இன்று மத்தியானம் அம்மா உங்கள் பச்சை பிளாஸ்கைத் திறந்தார். நீங்கள் போய் இரண்டு மாதமாகியும் உள்ளே இஞ்சி வாசம் இருந்தது. அம்மா அதில் தேநீர் ஊற்றுவதைப் பார்த்து, "யாருக்கும்மா?" என்றேன். அம்மா வாசலைக் காட்டினார். அங்கே அப்பா தலை வாரி, சட்டை மாற்றிக்கொண்டு நின்றார். "பண்டாரவளை பஸ் எத்தன மணிக்கு?" என்று கேட்டவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. உங்களோடு பெரகல சந்தியில் நின்று குடித்த அதே அப்பாதான். கூட்டம் வரைக்கும் வந்து சேருவாரா என்று எனக்குத் தெரியவில்லை.

பஸ்ஸில் எனக்கு என் பரிசளிப்பு விழா ஞாபகம் வந்தது. நீங்கள் குடித்துவிட்டு வந்தீர்கள். வேறொரு பிள்ளை மேடை ஏறியபோது, "எங்க பாப்பா! எங்க பாப்பா!" என்று எழுந்து கை தட்டினீர்கள். என் பெயரைக் கூப்பிட்டபோது தூங்கிக்கொண்டிருந்தீர்கள். மறுநாள் காலை எங்கள் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள்.

"ரொம்பக் கேவலமாப் போச்சா பாப்பா?"

"ஆமா மாமா."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ளே போய் என் விஞ்ஞானக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைக் கொண்டுவந்து காட்டினேன். பண்டாரவளை நூலகத்து அறிவித்தல் பலகையில் பார்த்து எழுதி, இரண்டு வாரமாக உங்களிடம் காட்டப் பயந்திருந்த வரிகள் அவை. குடியை நிறுத்த விரும்புவோர் கூட்டம், ஞாயிறு பிற்பகல் மூன்று மணி, தேவாலய மண்டபம்.

"சர்ச்சுலயா? வேதத்துல சேத்துருவாங்களோ?"

"அப்படி ஒண்ணும் போடல மாமா. வீட்டு ஆளுங்களும் வரலாம்னு போட்டிருக்கு."

"அப்ப நீயும் வா. படிச்ச ஆளு ஒண்ணு பக்கத்துல இருக்கட்டும்."

"மச்சான் பஜனைக்குக் கிளம்பிட்டாரு!" என்று அப்பா லயம் முழுக்கக் கேட்கும்படி சிரித்தார்.

மண்டபத்தில் பதினொரு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேச்சு சிங்களம், பாதி தமிழ். நடத்தியவர் பஜாரில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர், எல்லாருக்கும் 'நானா'. உங்கள் முறை வந்ததும் விருட்டென்று எழுந்தீர்கள். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டில் நிற்பதுபோல் தொப்பியைக் கழற்றி, கைகளை உடம்போடு ஒட்டிவைத்து, பெயர், தோட்டத்து டிவிஷன், வேலையாள் பதிவேட்டின் செக்ரோல் நம்பர் எல்லாவற்றையும் உரக்கச் சொன்னீர்கள். நான் குனிந்து என் சப்பாத்தைப் பார்த்தேன்.

"நம்பர் தேவல்ல தம்பி," என்றார் நானா. "பேர் மட்டும் போதும். இங்க யாரும் பேர் வெட்ட மாட்டாங்க."

"இருபது வருஷமா நம்பரோட சொல்லியே பழகிருச்சுங்க," என்று உட்கார்ந்தீர்கள். பிறகு பரிசளிப்பு விழாவைச் சொன்னீர்கள். யாருக்குக் கை தட்டினீர்கள் என்பதைக்கூட மறைக்கவில்லை.

போகப் போக, பச்சை பிளாஸ்கில் இஞ்சித் தேநீர் கொண்டுவருவதும், நாற்காலிகளை அடுக்கி விளக்கை அணைப்பதும் உங்கள் வேலையாயிற்று. அங்கே மூன்று மணிக்கே பனி மூடிவிடும், விளக்கில்லாமல் முகம் தெரியாது. தீபாவளிக்குக் குடித்தீர்கள். அடுத்த ஞாயிறு அதையும் சொன்னீர்கள். அதன்பின் ஒருநாளும் குடிக்கவில்லை.

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போன இடத்தில் குளவி கொட்டி இறந்தீர்கள். சாவு வீட்டில் ஒருவர், "குடிவெறியில போய்க் குளவிக் கூட்டக் கலைச்சிருப்பான்," என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா எழுந்துவிட்டார்.

"அவன் எட்டு மாசமாக் குடிக்கல. குடிக்கிறவன் நானு. பேசுறதுன்னா என்னயப் பேசு."

அன்று மாலையும் அப்பா குடித்தார். உண்மையாக எழுதுவதென்றால் இதையும் எழுதத்தான் வேண்டும்.

இன்று பெரகல சந்தியில் பஸ் நின்றது. டிரைவர் தேநீர் குடிக்க இறங்கினார். அப்பாவின் ஜன்னலுக்கு நேரே சாராயக் கடை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று எழுந்தார். நான் பிளாஸ்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்பா இரண்டு எட்டு வைத்து, மறுபக்க இருக்கையில் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து மண்மேடு மட்டும்தான் தெரியும்.

மண்டபத்தில் அவர் முறை வந்தது மாமா. என்ன செய்தார் தெரியுமா? எழுந்து நின்று பெயர், டிவிஷன், செக்ரோல் நம்பர்! எல்லாரும் சிரித்தார்கள். நானா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

"நீங்க அவர்ட மச்சானா?"

"ஆமாங்க."

"இரிங்க. நம்பர் தேவல்ல."

அப்பா உட்கார்ந்தார். "நேத்து குடிச்சேன். இன்னைக்கு இன்னும் குடிக்கல," என்றார். அவ்வளவுதான் பேசினார்.

அந்தக் கொப்பியின் கடைசிப் பக்கத்தை நான் இன்னும் கிழிக்கவில்லை. ஞாயிறுதோறும் என் பையில் அது வரும், உங்கள் பிளாஸ்கும் வரும்.

எல்லாரும் தேநீர் குடித்து முடித்ததும் அப்பா நாற்காலிகளை அடுக்கினார். கதவருகே நின்று, "மச்சான் எந்தச் சுவிட்ச அணைப்பான்?" என்று கேட்டார். காட்டினேன். அப்பா விளக்குகளை அணைத்தார்.