ஸ்டார்ட் இல்லாத ரிமோட்

விக்கிரமங்கலம்,
புதன்கிழமை.

அன்புள்ள அண்ணனுக்கு,

வளர்மதி எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லாமல் விட்டது ஒரே வாக்கியம்: நான் வேலையை விடமாட்டேன். போனில் சொன்னால் பாதியிலேயே நீ பேசி முடித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

என்னைப் பெண் பார்க்கப் பெரம்பலூர்க்காரர்கள் வந்து உட்கார்ந்ததும் அம்மா உன்னை ஸ்பீக்கரில் போட்டாள். மாப்பிள்ளையின் அம்மா என் முகத்தைப் பார்த்துத்தான், "கல்யாணத்துக்கு அப்பறமும் அரியலூருக்கு வேலைக்குப் போவியாம்மா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் குவைத்திலிருந்து நீ, "அதெல்லாம் வுட்டுடும்ங்க. எங்க வளரு நாங்க சொன்னா கேட்டுக்கும்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளிக்கிழமை பூ வைப்பதென்று அதே மூச்சில் முடிவாயிற்று. பள்ளி நூலகத்தில் பாதி அலமாரிக்கு நான் இன்னும் எண் ஒட்டவில்லை. அதை யாரிடம் சொல்வது?

வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது நம் டிவி கேம் கிடைத்தது. கேசட்டின் மேல் 9999 ஆட்டம் என்று போட்டிருக்கிறது. உள்ளே பத்துப் பன்னிரண்டுதான், பெயரை மாற்றி மாற்றி வரும். நீ பார்த்த வரன்களும் அப்படித்தான்.

உன் ரிமோட்டில் ஸ்டார்ட் பட்டன் உண்டு. என்னுடையதில் கிடையாது. இரண்டாம் ரிமோட்டை அப்படித்தான் செய்தார்கள். உனக்குத் தாகமெடுத்தால் அதை அமுக்கி ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் போவாய். எனக்குத் தாகமெடுத்தால் திரையில் என் பீரங்கி வண்டி செத்துப்போகும். ஒருநாள் கோபத்தில் இரண்டு வயரையும் மாற்றிச் செருகினேன், இனி ஆட்டம் என் கையில் என்று. முதல் துளையில் ஸ்டார்ட் இல்லாத ரிமோட்; ஆட்டம் தொடங்கவே இல்லை. "செட்டையே கெடுத்துட்டா பாரும்மா" என்று நீ அழுதாய். முதுகில் அடி எனக்கு.

மாப்பிள்ளை நல்லவராகவே இருக்கலாம். அவரோடு நான் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்காகவும் யாரோதான் பேசினார்கள்.

தர்மன் அண்ணன் லீவு முடிந்து சனிக்கிழமை அங்கே கிளம்புகிறார். இந்தக் கடிதத்தோடு என் ரிமோட்டையும் கொடுத்தனுப்புகிறேன். ரூமில் உட்கார்ந்து ஒருமுறை கையில் பிடித்துப் பார்.

வெயிலில் அலையாதே. நேரத்துக்குச் சாப்பிடு. அடுத்த முறை யாராவது என்னிடம் கேள்வி கேட்டால், நீ போய்க் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வா அண்ணா.

உன் தங்கை,
வளர்மதி

வெள்ளி மாலை: பூவும் தட்டுமாக அவர்கள் காலையில் வந்தார்கள். நான் வேலைக்குப் போயிருந்தேன்.