திருவிழா மாத்திரை

ஆனி 3, திங்கள்

காலையிலேயே புழுக்கம். இன்றைய வேலை: இட்லிக்கு ஊறப்போட, பூஜைப் பாத்திரம் புளி போட்டுத் தேய்க்க, மாலை ஐந்துக்கு வித்யாவோடு அடையாறு, புது டாக்டரம்மா.

என் பெண்ணுக்கு அடிவயிற்று வலி பள்ளிக்கூட நாளிலிருந்தே. இப்போது இருபத்து நான்கு முடிந்துவிட்டது. இதுவரை மூன்று டாக்டர். இரண்டு ஸ்கேன், இரண்டும் நார்மல். "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்றார் ஒருவர். நானும் அதையே பிடித்துக்கொண்டேன்.

இவர் வேறு மாதிரி. முக்கால் மணி நேரம் கேள்வி. வலி எங்கே தொடங்குகிறது, முதுகுக்கு ஓடுகிறதா, வெளிக்குப் போகும்போது வலிக்கிறதா, சிறுநீர் எரிகிறதா. எல்லாவற்றுக்கும் நான் முந்திக்கொண்டு பதில்.

"மாசத்துல மூணு நாள்தான் டாக்டர்."

"நீங்க சொல்லாதீங்கம்மா. வயிறு அவங்களோடது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சுருக்கென்றது.

படுக்கவைத்து ஒற்றை விரலால் ஒவ்வோர் இடமாக அழுத்தினார். தலையைத் தூக்கச் சொல்லி மறுபடி அழுத்தினார். மேல் தசையின் வலியா, உள்ளேயிருந்து வருவதா என்று பார்க்கவாம்.

பிறகு, "தேதியைத் தள்ளிப்போட மாத்திரை எதாவது எடுத்ததுண்டா?"

"இல்லை" என்றேன் நான். வி. என்னைப் பார்த்தாள்.

ஆனி 4, செவ்வாய்

பொய். டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் நானே வாங்கியது. திட்டுவார் என்று பயம். பங்குனி உற்சவம், நவராத்திரி, விளக்கு பூஜை. அந்த நாட்களில் வீட்டில் யாரும் தூரமாகிவிடக் கூடாது. முன்கூட்டியே வி.க்குக் கொடுத்துவிடுவேன். பதினாறு வயதிலிருந்து. தெருவில் எல்லோரும் செய்வதுதான் என்று இருந்துவிட்டேன்.

டாக்டர் ஒரு தாள் கொடுத்திருக்கிறார். தினமும் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று வி. எழுத வேண்டும். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியாயிற்று. வடாம் கொடுக்க வந்த நாத்தனார் அதைப் படித்துவிட்டு, "என்ன அண்ணி, வலிக்கெல்லாம் மார்க்கா! நம்ம காலத்துல பாஸ் மார்க்கே கெடைக்காது" என்று சிரித்தாள்.

"உங்களுக்கு யாரும் பேப்பரே குடுக்கல அத்தை" என்றாள் வி. அவள் சிரிக்கவில்லை.

ஆனி 19, புதன்

மதியம் தூறல். துணி பாதி நனைந்தது.

தாளைப் பார்த்தேன். வி. தூரம் முடிந்து தலைக்குக் குளித்துப் பத்து நாள் ஆகிறது. இன்னும் 6, 5, 7. ஒரு நாள்: "பஸ்ஸில் உட்கார முடியவில்லை, நின்றே போனேன். 8." அன்று காலை, "எவ்வளவு நேரம்டி பாத்ரூம்ல" என்று கத்தியவள் நான்.

என் நோட்டை எடுத்தேன். எட்டு வருடமாக விரதம், பூஜை, வி.யின் தேதி எல்லாம் ஒரு நாள் விடாமல் இருக்கிறது. எப்போது விளக்கேற்றலாம் என்று தெரிவதற்காக. வலி பற்றி ஒரு வரி கிடையாது. மாத்திரை கொடுத்த நாட்களில் மட்டும் 'மா.' என்று குறித்திருக்கிறேன். அந்த நாட்களில் அவள் வாசல் நிறையக் கோலம் போட்டாள். மாட வீதி முழுக்க என்னோடு நடந்தாள்.

இன்னொன்று. அவளே கேட்டிருக்கிறாள். "அந்த மாத்திரை குடும்மா, அது போட்டா வலிக்கல." ஒரு தடவை இல்லை. "அது சாமி காரியத்துக்கு. உன் சோம்பேறித்தனத்துக்கு இல்ல" என்றேன்.

இதை எழுதவே கை கூசுகிறது. கற்பகாம்பாளே, நீ கேட்டாயா இதையெல்லாம் என்னிடம்?

ஆனி 22, சனி

வி.யோடு டாக்டரிடம் போனேன், கையில் நோட்டு. உட்காரும் முன்பே, "அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டேன் டாக்டர்."

வாங்கிப் புரட்டினார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"டாக்டரைக் கேக்காம இனிமே குடுக்காதீங்கம்மா, சிலருக்கு ஆபத்து. ஆனா இதுல ஒரு துப்பு இருக்கு." வி. பக்கம் திரும்பினார். "இதைப் போட்ட நாள்ல வலி கொறைஞ்சுதா? அப்பவே தெரிஞ்சுதா உங்களுக்கு?"

"தெரியும் டாக்டர்."

அவ்வளவுதான் சொன்னாள். நான் மறுத்ததைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

கர்ப்பப்பையின் உள்சவ்வு மாதிரியே வெளியிலும் படர்ந்திருக்கலாமாம். எண்டோமெட்ரியோசிஸ். மூன்று முறை எழுதிப் பழகினேன். ஸ்கேனில் தெரியாமல் போவதும் உண்டாம். இப்போதைக்குத் தினம் ஒரு மாத்திரை, மூன்று மாதம். கிட்டத்தட்ட அதே வகை. அதற்கும் வலி கேட்காவிட்டால் தொப்புள் வழியாகக் குழாய் விட்டுப் பார்ப்பார்கள். நோய் இதுதான் என்று இன்னும் முடிவாகச் சொல்லவில்லை. "வலி நிஜம். அது மட்டும் உறுதி" என்றார்.



ஆனி 23, ஞாயிறு

வெயில். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். வி. எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நோட்டை எடும்மா."

எடுத்துக் கொடுத்தேன். பழைய பக்கங்களுக்குப் போனாள்.

"ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரிக்கு முந்தின நாள் கேட்டேனே. அது எங்க?"

தேடினேன். மாசி மகம் இருக்கிறது. பிரதோஷம் இருக்கிறது. அது இல்லை.

"எழுதும்மா."

"இப்பவா?"

"இப்பதான். நான் பாக்கறேன்."

கையைத் துடைத்துக்கொண்டு பேனா எடுத்தேன். பிரதோஷத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. வித்யா வலிக்கு மாத்திரை கேட்டாள். நான் கொடுக்கவில்லை.

படித்துப் பார்த்தாள். பக்கத்தைத் திருப்பினாள்.

"அடுத்தது, காலேஜ் ரெண்டாம் வருஷம்."