மேடைக்கடியில் கரையான்

அன்பு அக்கா மகள் சிட்டுவுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், இடது காலைத் தவிர. டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, இவ்வளவு கெட்டியான எலும்பை என் சர்வீஸிலேயே பார்த்ததில்லை என்று நர்சுகளையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அதில் ஒரு சின்னக் கீறல், அவ்வளவுதான்.

உன் அம்மா போனில் குறைத்துத்தான் சொல்லியிருப்பாள். நம் தெரு மன்றத்துக்கு ஆண்டுக் கூட்டம். தலைவர், கேட்கவே வேண்டாம், நான்தான். அதற்கு முன்னால் உன் அப்பா வீடு வீடாகப் போய், "இந்தத் தடவை அவனை மேடை ஏத்தாதீங்க, கீழேயே நின்னு பேசட்டும்" என்று காதைக் கடித்திருக்கிறார். அக்கா புருஷனே குழி பறித்தால் எனக்கு எப்படி இருக்கும்?

அன்றைக்கு ஆயிரம் பேர் கூட்டம். நாற்பது என்பாள் உன் அம்மா, அவளுக்கு எண்ணத் தெரியாது. நான் மேடையேறி, "வெளியே இருக்கிறவனை ஊதித் தள்ளிடுவேன். கூடவே இருந்து அரிக்கிற கரையானை என்ன பண்றது? அதோ உட்கார்ந்திருக்கார் பாருங்க!" என்று உன் அப்பாவைக் காட்டி, ஓங்கி ஒரு மிதி மிதித்தேன்.

பலகை விட்டுப்போச்சு. இடுப்புவரை உள்ளே. கீழே பார்த்தால் நிஜக் கரையான், புற்றே வைத்திருக்கிறது!

அந்த மேடை என் கைவேலை. தேக்கு என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். பழைய பெட்டிப் பலகை என்பது உன் அப்பா ஒருவருக்குத்தான் தெரியும். கூட்டத்துக்கு முன்பே கரையானைப் பார்த்தவர், என் மானம் போகக் கூடாதென்று காரணத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் சொல்லத்தான் வந்தார். நான் எங்கே அவரைப் பேசவிட்டேன்?

என்னை இழுத்து வெளியே எடுத்ததும் அவர்தான். டீக்கடையில், "தலைவரே, இந்த வருஷம் பேச்சு ரொம்ப ஆழம்" என்கிறார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். உன் அப்பா தினமும் டிபன் கேரியரைக் கொண்டுவந்து வைக்கிறார், "ம்" என்கிறார், போய்விடுகிறார். கோபமாக இரண்டு வார்த்தை திட்டினால்கூடப் பரவாயில்லை.

கட்டுப் பிரித்ததும் செங்கல் கால் வைத்து, மேலே நிஜத் தேக்குப் பலகை போட்டுப் புது மேடை கட்டப்போகிறேன். நான் தனி ஆளாகவே முடித்துவிடுவேன், அது உனக்கே தெரியும். ஆனால் பலகை நீளம், மறுமுனையைப் பிடிக்க ஒருத்தர் வேண்டும். வேறு யார் பிடித்தாலும் எனக்குச் சரிப்படாது. நீ சொன்னால் அவர் தட்டமாட்டார். மாமா கேட்டதாகச் சொல்லாதே.

சொன்னாலும் பரவாயில்லை.

நீ நன்றாயிருக்க வேண்டும், அம்மாடி.

இப்படிக்கு,
ஒற்றைக் காலில் நிற்கும் உன் மாமா