செக்கார் வீட்டுச் சுவரைக் காக்க இட்ட ஆணை

மழை தப்பாது பெய்க. பெய்த நிலத்தை உழுவதற்கு மனிதர் மிஞ்சுக.

வெண்குன்ற நாடாளும் ஒளிமங்கை நாச்சியார், கருங்கழிக் கோட்டைத் தலைவரும் எம் படைக்கு வலக்கையுமான இளங்காரியாருக்கு விடுக்கும் ஓலை. உம் கோட்டை நிலைக்க. உம் மனையாளும் மக்களும் நோய் தீண்டாது வாழ்க. அடைக்கப்பட்ட அரண்மனையிலிருந்து வருவதால், இவ்வோலையை வேப்பம்புகையில் காட்டியபின் கையில் எடுப்பீராக.

கொள்ளை நோய் புகுந்த மனையை வெளியிலிருந்து அடைத்து, நோய் ஓய்ந்தபின் திறந்து எரிக்க வேண்டுமென்பது நாம் இட்ட ஆணை. அவ்வாறு செக்கார் சாத்தன் மனையைத் திறந்தபோது அவன் மகள் எயினி ஒருத்தியே உயிரோடிருந்தாள் என்றும், உள்ளே ஒரு சுவரைப் பற்றிக்கொண்டு வெளியேற மறுக்கிறாள் என்றும், இழுத்துப் போட்டுவிட்டு எரிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர். பிணம் விழும் வேளையில் சுவரில் கிறுக்கி விளையாடிய குடும்பம் என்று இகழ்ந்தும் எழுதியிருந்தீர். அது எமக்குக் கசந்தது.

அச்சுவர் எதுவென்று நீர் விசாரிக்கவில்லை. எம் தூதர் விசாரித்து வந்து, வாயிலுக்கு வெளியே நின்று உரைத்தார். சாத்தனும் அவன் தம்பி கோவனும் பாகம் பிரித்துக்கொண்டு வீட்டின் நடுவே எழுப்பிய சுவர் அது. வீடு அடைபட்டதும் சாத்தனின் இளைய மகன் அந்துவன் அழுகையை அடக்க அடுப்புக்கரியால் அதில் தேர்ச் சித்திரம் எழுதத் தொடங்கினான். தகப்பன் அதற்குச் சக்கரம் எழுதினான். மறுபாதியில் உடன் அடைபட்டு, பொதுக் கொல்லை வழியாக வந்து பார்த்த கோவன், அது சக்கரமா சுரைக்காயா என்று கேட்டானாம். ஆண்டுக்கணக்கில் பேசாத இருவரிடையே அதுவே முதற்பேச்சு. பின்னர் பெண்டிர் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துத் தந்தனர். வடம் பிடிப்போர் வரிசையில் அவரவர் உருவை அவரவரே எழுதுவதென்றும், ஒருவர் உருவில் மற்றவர் கைவைப்பதில்லை என்றும் தமக்குள் விதி செய்துகொண்டனர்.

சித்திரம் அவர்களைப் பிழைக்க வைக்கவில்லை. அதை நாம் அறிவோம். ஆயினும் அத்தெருவின் மற்ற மனைகளில் பெற்றவரைக் கிடத்திவிட்டுக் கதவுடைத்து ஓடியவர்கள் நோயை ஊரூராகக் கொண்டுபோயினர். செக்கார் மனைக்கதவை உள்ளிருந்து ஒருவரும் தட்டவில்லை. சாகும்வரை அங்கே சிரிப்பொலி கேட்டதாக உம் காவலரே சொல்லியிருக்கின்றனர்.

அந்துவன் தன் உருவை முழங்கால் வரை எழுதி இறந்தான். பாதமில்லாமல் விட்டால் தம்பி பேயாய்த் திரிவானே என்று எயினி நடுங்குகிறாள். எழுதி முடிக்கவோ, குடும்பம் செய்த விதி தடுக்கிறது. அதனால்தான் அச்சுவரை விடமாட்டேன் என்கிறாள்.

ஆகவே ஆணையிடுகிறோம். கூரையையும் மரத்தையும் துணியையும் எரிக்க, சுவரைத் தொடாதிருக்க. அதன்மேல் புதுக்கூரை வேய்ந்து அவளை அங்கேயே வாழவிடுக. இனி அடைக்கப்படும் ஒவ்வொரு மனைக்கும் அரிசியோடு கரியும் சுண்ணாம்பும் மஞ்சளும் செங்கற்பொடியும் கொடுக்க. நகைப்பவர் எவரேனும் இருந்தால், அவரையும் சில நாள் அடைத்து வைத்துப் பார்க்கலாம்.

இன்னும் ஒன்று. முடிக்காக முகம் பாராதிருந்த எம் மைந்தர் இருவரும், தூதர் சொல் கேட்டபின், பள்ளியறைச் சுவரில் சேர்ந்து எழுதத் தொடங்கினர். செக்கார் விதியையே தாமும் கொண்டனர். இன்று விடியலில், நோய் கண்ட இளையவன் விரலிலிருந்து கரி நழுவிவிட்டது. அவன் உருவுக்கும் பாதம் இல்லை. மூத்தவன் அக்கரியை எடுப்பதும் வைப்பதுமாக நிற்கிறான். எமக்கும் ஒன்றும் தெரியவில்லை.

நீரே எயினியிடம் சென்று, அரசியாருக்குரிய மரியாதையோடு நின்று, போனவனின் பாதத்தை இருப்பவர் எழுதலாமா என்று கேட்டு வருக. அவள் சொல்லே அவள் மனைக்கும் எம் மனைக்கும் தீர்ப்பு.

முத்திரை மோதிரம் வெளியே அமைச்சர் வசம் உள்ளது. கரி படிந்த எம் பெருவிரலே இவ்வோலைக்கு இலச்சினை. மறுமொழி விரைந்து வருக. அதுவரை பிள்ளையை மடியில் வைத்திருப்போம்.