வெறும் பையோடு மலையிறங்கிய கரடி

என் அன்புள்ள லூர்தக்கா,

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தவரை உன்னை "நீங்க" என்றுதான் கூப்பிட்டேன். மூத்த மருமகளிடம் இளைய மருமகள் எவ்வளவு பணிவாக நடந்துகொள்கிறாள் பார் என்று நம் மாமியார் அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொன்னதுண்டு. பணிவும் இல்லை, ஒன்றும் இல்லை. உன்னைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருக்க அந்த "நீங்க" எனக்கு வசதியாக இருந்தது. இனிமேல் தள்ளி வைக்க என்ன இருக்கிறது? நீ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உன் கல். கல்லறைத் திருநாளுக்குள் உன் தலைமாட்டில் கல் நட்டுவிட வேண்டும் என்று உன் வீட்டுக்காரர் ஆசைப்படுகிறார். உத்தமபாளையத்தில் ஒரு கல்தச்சரிடம் சொல்லி, உன் பெயரும் தேதிகளும் வெட்டியாயிற்று. அதற்குக் கீழே, நம் ராயப்பன்பட்டி வழக்கப்படி, கணவர் பெயரும் பிள்ளைகள் பெயரும் வர வேண்டும். உனக்குப் பிள்ளை இல்லை. "மகள் ரோஸ்லின்னு வெட்டச் சொல்லும்மா" என்கிறாள் ரோஸ்லின்.

அவளை நான் பெற்றேன், லூர்தக்கா. இரண்டு பகல் ஓர் இரவு வலி பொறுத்துப் பெற்றேன். உன் கல்லில் அவள் எப்படி மகள் ஆவாள்? முடியாது என்று சொல்லிவிட்டேன். "கொழுந்தன் மகள் ரோஸ்லின்" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கல்தச்சர் அதை இரண்டு தடவை படித்தார்.

"ஏத்தா, நானும் முப்பது வருசமா வெட்டுறேன். கொழுந்தன் மகள்னு எந்தக் கல்லுலயும் வெட்டுனதில்ல. மகள்னு போடுங்க, இல்லாட்டி அந்தப் பேரே வேணாம்னு சொல்லுங்க. சீக்கிரம் சொல்லிப்புடுங்க, திருநாளு வருதுல்ல?"

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். யோசிக்க யோசிக்க எல்லாம் அந்தக் கரடியிலேயே போய் நிற்கிறது.

அப்போது ரோஸ்லினுக்கு ஆறு வயது. ஈஸ்டர் முடிந்ததும் அவளை மேகமலைக்குக் கூட்டிப்போவதாக உன் வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். அவருக்கு அங்கே எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் வேலை. திங்கட்கிழமை காலையில் சின்னமனூர் போய் மலை பஸ் ஏறினால் சனிக்கிழமைதான் இறங்குவார். உனக்கு இளைப்பு, மலைக் குளிர் ஆகாது என்று நீ கீழேயே எங்களோடு இருந்தாய். போவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது பிள்ளை வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். கட்டுப் போடுகிறவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, இரண்டு மாதம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். கால் வலிக்கு அழுததைவிட மலைக்குப் போக முடியாததற்கு அவள் அழுததுதான் அதிகம்.

அந்த இரண்டு மாதமும் அவளைத் தூக்கிப் படுக்க வைத்தது யார்? நான். மேல் துடைத்து, சட்டி எடுத்து, முதுகில் புண் வராமல் புரட்டிப் போட்டது யார்? நான். நீ என்ன செய்தாய்? உட்கார்ந்து கரடி பின்னினாய்.

அதுவும் எந்த ஊசியால்? நான் கொடுத்த ஊசியால். குரோஷா வேலை நான் கான்வென்டில் சிஸ்டர்களிடம் கற்றது. நம் கோவில் பீடத்துணியின் லேஸ் முழுக்க என் கை. ஒரு கண்ணி பிசகினால் ஒரு முழம் பிரித்துவிட்டுத் திரும்பப் பின்னுகிறவள் நான். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில் நான் பின்னுவதைப் பார்த்து நீயும் கேட்டாய், சொல்லிக்கொடுத்தேன். உனக்கு வந்ததெல்லாம் சுற்றுச் சுற்றாகப் போவது ஒன்றுதான். ஒரு கண்ணி கடுகு என்றால் அடுத்தது கொண்டைக்கடலையாக இருக்கும். அதைப் பார்த்து நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

உன் வீட்டுக்காரரின் பழைய காப்பிக்கலர் ஸ்வெட்டரைப் பிரித்தாய். சுருண்டு சுருண்டு வந்த அந்த உல்லனில் தலை, உடம்பு, கை, கால் என்று தனித்தனியாகப் பின்னி, உள்ளே இலவம்பஞ்சை அடைத்துத் தைத்தாய். ஒரு காது மேலே, ஒரு காது கீழே. இடைவெளியில் எல்லாம் பஞ்சு எட்டிப் பார்த்தது. கோவிலில் வைத்திருந்தால் சாமியார் எடுத்து மூலையில் போட்டிருப்பார்.

அதோடு விட்டாயா? மலைக்குப் போகிற கரடி வெறுமனே போகுமா என்று அதற்கு ஒவ்வொன்றாகப் பின்ன ஆரம்பித்தாய். மழைக்குத் தலையில் போட, தேயிலை எடுக்கிற பெண்கள் சாக்கை மடித்துப் போடுவார்களே, அதேபோல ஒரு கொங்காணி. அட்டை கடிக்காமலிருக்க முழங்கால் வரை சாக்ஸ். கடித்துவிட்டால் தொட்டு வைக்க ஒரு சின்ன உப்புப் பொட்டலம், அதற்கு ஒரு சுருக்குப்பை. ஊசி மருந்து தீர்ந்த குட்டிப் புட்டியைச் சுற்றிப் பின்னி, தோளில் மாட்டத் தண்ணி பாட்டில். சங்கிலிக் கண்ணியிலேயே ஒரு கயிறு. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு முதுகுப்பை, சட்டைப் பொத்தான் வைத்து மூடுகிற மாதிரி. தொப்பியும் தடியுமாகத் தோட்டத்தைச் சுற்றுகிற எஸ்டேட் துரையைப் பற்றிப் பெரியப்பா சொன்ன கதை நினைவில் இருந்ததோ என்னவோ, ரோஸ்லின் அதற்குத் தொரை என்று பேர் வைத்தாள்.

திங்கட்கிழமை தொரை பெரியப்பாவின் பைக்குள் ஏறி மலைக்குப் போவான். சனிக்கிழமை முதுகுப்பையில் எதையாவது வைத்துக்கொண்டு இறங்குவான். ஒரு வாரம் தேயிலைக் கொழுந்து, ஒரு வாரம் பச்சை ஏலக்காய், ஒரு வாரம் ஓடைக் கூழாங்கல். என்ன கொண்டுவர வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமையே அவரிடம் சொல்லி அனுப்புவது நீ. தொரை இப்போது எங்கே இருப்பான், எந்தப் பாறையில் ஏறுவான் என்று வாரம் முழுக்க அவளுக்குக் கதை சொல்வதும் நீ. வலிக்கிறது, திருப்பிப் படுக்க வை என்பதற்கு அம்மா. சிரிப்பதற்குப் பெரியம்மா. வயிறு எரிந்தது லூர்தக்கா. வேறு எந்த நல்ல வார்த்தையும் போட்டு அதை மூட நான் விரும்பவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை, உனக்குத் தெரியும். பீடத்துணி லேஸுக்கு வாங்கி வைத்திருந்த வெள்ளை நூலில் ஒரு யானை பின்னினேன். அளவு என்றால் அப்படி ஒரு அளவு. தந்தம், நகம், வால்முடி எல்லாம் உண்டு. முடிந்ததும் என் கை தன் பழக்கத்தைச் செய்தது: லேஸுக்குப் போடுவதுபோல் நல்ல கெட்டியாக அரிசிக் கஞ்சி போட்டு வெயிலில் காயவைத்துவிட்டேன். யானை கம்பீரமாக நின்றது. ரோஸ்லின் அதை நெஞ்சில் அணைத்துப் பார்த்தாள்.

"குத்துதும்மா," என்றாள். "இத அங்கன அலமாரியில வச்சுரு. சாமி மாதிரி இருக்கட்டும்."

மூன்றாம் நாள் கஞ்சி வாசத்துக்கு எலி வந்து தும்பிக்கையைக் கொறித்துவிட்டது. வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள், நீ மட்டும் சிரிக்கவில்லை. மிச்சமிருந்த காப்பிக்கலர் உல்லனில் கோணலாக ஒரு தும்பிக்கை பின்னி ஒட்டுப் போட்டாய். அதற்குப் பிறகுதான் என் பிள்ளை அந்த யானையையும் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டாள். நீ சிரித்திருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அடுத்த சனிக்கிழமைதான் அது நடந்தது. தொரை ஒரு பறவையின் இறகு கொண்டு வருவான் என்று நீ அவளிடம் சொல்லியிருந்தாய். வாரம் முழுக்க அதே பேச்சு. உன் வீட்டுக்காரர் வந்து கரடியை ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனார். நீ நவநாள் செபத்துக்குக் கோவிலுக்குப் போயிருந்தாய். ரோஸ்லின் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். நான் அந்தப் பொத்தானைக் கழற்றினேன். உள்ளே ஒரு சாண் நீளத்துக்கு இறகு, கறுப்பா பச்சையா என்று சொல்ல முடியாத மினுமினுப்பு. ஒரு தடவையாவது நீ சொன்னது பொய்யாகட்டும், ஒரு தடவையாவது உன்னைப் பார்த்து அவள் முகம் வாடட்டும் என்று நினைத்தேன். இறகை அடுப்பில் போட்டுவிட்டுப் பொத்தானைத் திரும்ப மாட்டினேன்.

இறகு கருகினால் எப்படி நாறும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. நீ வாசல்படி ஏறும்போதே நின்றாய். அடுப்பைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். பிள்ளை பையைத் திறந்து கையை விட்டுத் துழாவிவிட்டு உன்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"தொரைக்கு இந்த வாரம் மேலுக்கு முடியல ஆத்தா," என்றாய் நீ. "காச்சல்ல சுருண்டு கெடந்தான். அங்கன இங்கன போகல. எறங்கி வந்ததும் ஒங்கம்மாதான் சுக்குத்தண்ணி வச்சுக் குடுத்துத் தேத்துனா. கேட்டுப் பாரு."

"அப்பிடியாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கிட்டே வரச் சொல்லி என் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள். அந்த இரண்டு மாதத்தில் அவளாகக் கொடுத்த ஒரே முத்தம், அதுவும் நீ வாங்கித் தந்தது. நீ என்னைத் திட்டியிருக்கலாமே! மாமியாரிடம் சொல்லியிருக்கலாமே! அதற்குப் பிறகு உன் நல்ல குணத்தின் மேலும் எனக்குப் பொறாமை வந்துவிட்டது.

இப்போதைய செய்திகளைச் சொல்கிறேன். உன் வீட்டுக்காரர் எங்களோடுதான் சாப்பிடுகிறார். ரசத்தில் உப்பு போதவில்லை என்று என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு அப்படியே சாப்பிட்டுவிடுகிறார். ரோஸ்லின் பழனிசெட்டிபட்டியில் டீச்சராக இருக்கிறாள், வாடகை அறை. போன மாதம் போயிருந்தேன். அவள் டிரங்குப் பெட்டி மேல் தொரை உட்கார்ந்திருக்கிறான், கொங்காணியோடு. என் போட்டோ ஒன்றும் இல்லை. தேடித்தான் பார்த்தேன்.

உன் அடக்கத்தன்று அவள் அழுததைப் பார்த்து, "பெத்த மக கூட இப்பிடி அழமாட்டா" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். நான் செத்தால் இவள் இவ்வளவு அழுவாளா என்று அந்த இடத்திலேயே என் மனசு கேட்டது. உன் பெட்டியை இன்னும் மூடக்கூட இல்லை. நான் எப்படிப்பட்டவள் பார்.

போன ஞாயிற்றுக்கிழமை கல் பேச்சு மறுபடி வந்தது. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "பெரியம்மா ஒன்னயப் பத்தி ஒரு நாளும் ஒரு வார்த்த கொறச்சுச் சொன்னதில்லம்மா. நீ ஏன் ஒரு வார்த்தைக்கு இப்பிடி மல்லுக்கட்டுற?" என்றாள். எனக்கு எங்கிருந்தோ ஆங்காரம் வந்துவிட்டது.

"சொல்றதுக்கு அவுகளுக்கா விசயமில்ல? அந்த எறக அடுப்புல போட்டதே நாந்தான். தெரியுமா ஒனக்கு?"

அவள் கை நிற்கவில்லை. "தெரியும்," என்றாள். "நா முழிச்சுத்தான் கெடந்தேன்."

அன்றே உன்னிடம் கேட்டாளாம். நீ சொன்னாயாம்: "ஒங்கம்மா பகலெல்லாம் ஒன்னயத் தூக்கித் தூக்கி இடுப்பு ஒடிஞ்சு போயிக் கெடக்கா. நா ஒக்காந்த எடத்துல கத சொல்லிப் பேரு வாங்குறேன். அவளுக்குக் கோவம் வராம யாருக்கு வரும்? இத என்னைக்கும் அவகிட்டக் கேட்றாத." சத்தியமும் வாங்கிக்கொண்டாயாம். அந்த முத்தமும் நீ கொடுக்கச் சொன்னதுதானா என்று அவளிடம் கேட்டேன். "அது நானாக் குடுத்ததும்மா," என்றாள்.

எத்தனை வருஷம், லூர்தக்கா! நான் சோறு போட, நீங்கள் இரண்டு பேரும் எதிரே உட்கார்ந்து, எனக்குத் தெரியாமல் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். அந்த ரகசியத்திலும் என்னைச் சேர்க்கவில்லையே என்று இப்போதும் எரிகிறது. இன்னும் என்னென்ன வைத்திருந்தீர்கள்? என் இடுப்பு வலியை நான் யாரிடமும் சொன்னதில்லையே, உனக்கு எப்படித் தெரிந்தது?

"நா ஒன்னய விட்டு எங்க போயிட்டேம்மா?" என்று கேட்டுவிட்டு அவள் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். மறுநாள் காலையில் உத்தமபாளையம் போனேன். என் துண்டுச் சீட்டைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டேன். மகள் ரோஸ்லின் என்று வெட்டச் சொல்லிவிட்டேன். வாசல் வரை வந்து திரும்பிப் போய் இன்னொன்றும் சொன்னேன்: நாளைக்கு எனக்கு வெட்டும்போது அதே எழுத்தை ஒரு விரல் பெரிதாக வெட்ட வேண்டும் என்று. கல்தச்சர் சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

கல்லறைத் திருநாளன்று எல்லோருக்கும் முன்னால் வந்து உன் இடத்தைக் கூட்டிச் சுண்ணாம்பு அடிப்பேன். யாராவது கல்லைப் படித்துவிட்டு, லூர்தம்மாவுக்கு ஏது பிள்ளை என்று கேட்பார்கள், நம் ஊரைத் தெரியாதா? ரோஸ்லினைப் பதில் சொல்ல விடமாட்டேன். நானே சொல்வேன். வயிறு எரியத்தான் செய்யும். எரிய எரியச் சொல்வேன், இது சத்தியம்.

இப்படிக்கு,
உன் மகளைப் பெற்றவள்,
புஷ்பம்